சாய்பாசாவின் செவ்வாய்ச் சந்தை

டாட்டாநகரில் பல்லாண்டுகள் வாழ்ந்தும் சாய்பாசாவைக் காணாதவர்கள் நம் தமிழன்பர்களிடையே பலர் உளர். அது காண வேண்டிய ஊர் என்று எவரும் சொல்லாததே காரணம். அங்கே பெயர்பெற்ற கோயில் இல்லை, அருவி இல்லை. மேற்குச் சிங்பூம் மாவட்டத்தின் தலைமை ஊர் அது. நீதிமன்றம், கருவூலம், ரோரோ என்னும் சிற்றாறு, சில பழைய கட்டடங்கள்: அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம். ஆயினும் செவ்வாய்க்கிழமைதோறும் அங்குக் கூடும் மங்களா ஹாட் என்னும் சந்தை அப்படிப்பட்டதன்று. சென்ற மார்கழியில் என் வார ஓய்வு செவ்வாயன்று அமைந்தது. அன்று நான் அங்குச் சென்றது ஊர் பார்க்கும் ஆசையால் அல்ல; ஒரு வெட்கத்தைத் தீர்த்துக்கொள்ளவே சென்றேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது நோய் எதிர்ப்பு ஆற்றல் என்ற சொல் எல்லோருடைய வாயிலும் புகுந்தது. எங்கள் வீட்டுக்குள்ளும் புகுந்தது. வைட்டமின் சி மாத்திரை, துத்தநாக மாத்திரை, அமுக்கராப் பொடி, ஊட்டச்சத்து மாவு டப்பா என்று ஒவ்வொன்றாக அலமாரியில் ஏறின. சம்பள நாளில் மளிகைச் சீட்டுக்கு முன்பாக இவற்றின் சீட்டே எழுதப்பட்டது. மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையவில்லை. அதற்கு ஈடு செய்யப் பாலில் அரை லிட்டரும் வாரத்தில் இரு நாள் பருப்பும் குறைந்தன என்பதை அப்போது நாங்கள் உணரவேயில்லை.

1921 ஆம் ஆண்டுப் பெரியவர்கள் இன்புளுயென்சாவுக்குப் பின் என்ன செய்தார்களோ தெரியாது. 2021ஆம் ஆண்டு நாங்கள் செய்தது இது: சீந்தில் கொடியை இடித்துக் கஷாயமாக்கிக் காலையும் மாலையும் ஐந்து மாதங்கள் விடாது குடித்தோம். இங்குள்ளோர் அதைக் கிலோய் என்பர். ஐந்தாம் மாதம் என் துணைவியாருக்கு ஓயாத அயர்ச்சி, உணவில் வெறுப்பு, சிறுநீர் கடுகெண்ணெய் நிறமாயிற்று. இரத்தத்தைச் சோதித்த மருத்துவர் கல்லீரல் வீங்கியிருப்பதாகச் சொல்லி, வேறு என்ன உட்கொள்கிறீர்கள் என்று கேட்டார். கஷாயத்தைச் சொன்னோம். அதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. உடனே நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னார். நிறுத்தினோம். இரண்டு மாதத்தில் குணமாயிற்று.

அதே 2021ஆம் ஆண்டில் மும்பை மருத்துவர்கள், சீந்தில் உட்கொண்டபின் கல்லீரல் கெட்ட ஆறு நோயாளிகளைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். மறு ஆண்டு 13 மருத்துவ நிலையங்களிலிருந்து 43 பேரைப் பற்றிய மற்றோர் அறிக்கை வெளிவந்தது. ஆயுஷ் அமைச்சகம் இதனை ஏற்கவில்லை. சீந்திலைப் போன்றே தோன்றும் வேறொரு கொடியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் மருத்துவர் எனக்குச் சொன்ன ஒரு விளக்கம் மனத்தில் நின்றது. நம் உடலின் காவற்படையைத் தூண்டிவிட்டால் நல்லது என்றே எல்லோரும் எண்ணுகிறோம். அளவுமீறித் தூண்டப்பட்ட படை பகைவனை விட்டுத் தன் வீட்டையே தாக்குவதும் உண்டு என்றார் அவர். இவ்வகைக் கல்லீரல் வீக்கத்தில் பல, அத்தகைய உள்வீட்டுப் போரைப் போன்றே காணப்பட்டன என்று அந்த அறிக்கைகளும் கூறுகின்றன.

கஷாயம் போயிற்று, டப்பாக்கள் போகவில்லை. வெட்கக் கதை இனிமேல்தான் வருகிறது.

எங்கள் அலுவலகத்தில் என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் ஹோ இனத்தவர். சாய்பாசாவுக்கு அப்பால், ஜிங்க்பானி செல்லும் வழியில் அவருடைய சிற்றூர். தென்னாட்டார் யாவரையும் அண்ணா என்றழைப்பது டாட்டாநகரத்து வழக்கம். அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஆயினும் எனக்கு அண்ணாப் பட்டம் கொடுத்து, என்னிடமிருந்து தாதாப் பட்டம் பெற்றுக்கொண்டார். 2022ஆம் ஆண்டில் அவருடைய இளவலுக்குக் காசநோய் கண்டது. கல் உடைக்கும் ஆலையில் வேலை செய்தவர். நோய் கண்டபோது எடை 38 கிலோ. ஒரே கூரையின்கீழ் ஏழு பேர். அவர்களுள் மூவர் குழந்தைகள்.

செய்தி கேட்டு வருந்தினேன். நம்மால் இயன்ற உதவி என்று எண்ணி, 680 ரூபாய் கொடுத்து ஓர் ஊட்டச்சத்து மாவு டப்பாவை வாங்கி நண்பரிடம் நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில், "அண்ணா, கோபித்துக்கொள்ளக்கூடாது. இதைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா? இந்தப் பணத்துக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ துவரம் பருப்பு வரும். வீட்டில் எல்லோருமே சாப்பிடலாம்" என்றார்.

கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பருப்பை நான் வேறு பணத்தில் வாங்கிக் கொடுத்தேன். டப்பா எங்கள் வீட்டு அலமாரிக்கே போயிற்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாழ்ந்த குரல் கேட்டது. எத்தனையோ முறை அவர் ஊருக்கு வரும்படி அழைத்தும் நான் நாள் கடத்தினேன். சென்ற மார்கழியில்தான் அது கைகூடியது.

குவா செல்லும் பயணி வண்டியில் காலையில் புறப்பட்டோம். டாட்டாநகருக்கு முன்பு காலிமாட்டி என்று பெயர். 1919ஆம் ஆண்டில்தான் இப்பெயர் சூட்டப்பட்டது. நிலையத்தை விட்டதும் கர்காய் ஆற்றுப் பாலம். பின்னர் ஆதித்யபூரின் ஆலைகள். கம்ஹாரியா, சினி, ராஜ்கர்சாவான். ராஜ்கர்சாவானில் பெரும்பாதை சக்ரதர்பூரை நோக்கிச் செல்ல, நம் வண்டி கிளைப்பாதையில் தெற்கே திரும்புகிறது. இந்தப் பாதை இரும்புக் கல்லுக்காகவே போடப்பட்ட பாதை என்று சொன்னால் தவறில்லை. நோவாமுண்டி, குவா மலைகளிலிருந்து செங்கல் நிறக் கனிமத்தைச் சுமந்து வரும் சரக்கு வண்டிகளுக்கே இங்கு முதல் மரியாதை. பயணிகள் வண்டி ஒதுங்கி நின்று வழிவிடும். ரயில்வேயில் பணிபுரிபவன் இதனைக் குறைகூறலாகாது. ஆனாலும் 65 கிலோமீட்டருக்கு அண்மையான தொலைவைக் கடக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆயிற்று என்பதை எழுதாமலிருக்க முடியவில்லை.

அறுவடை முடிந்த வயல்களில் நெல்லடித் தாள்கள் நின்றன. மேட்டு நிலங்களில் கொள்ளுக்கொடி படர்ந்திருந்தது. பாண்ட்ராசாலியில் கூடைகளோடு பெண்கள் கூட்டமாக ஏறினர். வண்டிக்குள் அதற்குப்பின் நிற்க இடமில்லை. வைக்கோல் மணமும் கோழிகளின் கூவலும் நிறைந்தன. பொங்கலன்று வரும் மகரத் திருநாள் இந்நாட்டின் பெருவிழா. அதற்கு முந்திய வாரங்களில் சேவற்போர் நடக்கும். ஆதலால் சேவல்களுக்கு ஏக கிராக்கி. ஒரு கிழவர் தம் சேவலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்த பரிவைக் கண்டால் அது அவருடைய பேரப்பிள்ளை என்றே தோன்றும்.

சந்தையை எழுத்தில் கொண்டுவருவது எளிதன்று. ஒரு பக்கம் நகரத்து வியாபாரிகளின் கூடாரங்கள்: துணி, பிளாஸ்டிக் வாளி, வளையல், கைப்பேசி உறை. அவற்றைக் கடந்து உள்ளே சென்றால் தரையிலேயே அமர்ந்திருக்கும் ஹோப் பெண்களின் வரிசைகள். அவர்களுடைய கடை என்பது ஒரு துணி விரிப்பு. தராசும் பலரிடம் இல்லை. கூறு கட்டியே விற்கிறார்கள். கூறு பத்து ரூபாய், சிலவற்றுக்கு இருபது.

நான் முதலில் கண்டது முருங்கைக் கீரை. இங்கே முங்கா என்பர். நம் ஊரில் ஆடிமாதக் கீரை என்று ஒதுக்குவோரும் உண்டு. இங்கு மார்கழிக் குளிரிலும் கட்டுக் கட்டாகக் குவிந்திருந்தது. அடுத்து ஈரச் சாக்கின்மேல் சிறு வட்ட இலைகள். பெங் சாக் என்றாள் விற்றவள். பெங் என்றால் தவளை. குனிந்து எடுத்துக் கசக்கி முகர்ந்தேன்: நம் வல்லாரையேதான்! வடமொழியில் அதற்கு மண்டூகபர்ணி என்று பெயர்; அதுவும் தவளை இலை என்றே பொருள்படும். நீரோரத்தில் தவளையோடு வாழும் கீரைக்கு மொழிதோறும் அதே பெயர் அமைந்தது எனக்கு வியப்பளித்தது. கோய்னார் என்று உலர்ந்த சருகுபோல் ஒன்றை விற்றனர். அது மந்தாரை இனத்து மரத்தின் இளந்தளிர். கோடையில் பறித்து வெயிலில் காயவைத்து, கீரை கிடைக்காத நாட்களில் அரிசிக் கஞ்சியில் இட்டுக் கொதிக்க வைப்பார்களாம். வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றும் நகரத்து வழக்கம் அவர்களுக்கு விளங்குவதேயில்லை என்றார் நண்பர்.

கொள்ளு, உளுந்து, கேழ்வரகு, பேயெள்ளு எல்லாம் சிறு குவியல்களாக இருந்தன. கேழ்வரகை மடுவா என்பர். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டென்பது நம்மில் பலர் அறிந்ததே. பச்சரிசியில் அதில் மிகச் சிறு பங்கே உண்டு. கொய்யாப்பழம் கூறு இருபது ரூபாய், ஐந்து பழங்கள். வளர்ந்த ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு வேண்டிய வைட்டமின் சி 80 மில்லிகிராம் என்று நம் நாட்டு ஊட்டச்சத்து நிலையத்தார் 2020ஆம் ஆண்டில் வகுத்தனர். நடுத்தரமான ஒரு கொய்யாவே அதற்குப் போதும். அதற்கு மேல் உடலில் சேரும் பெரும்பகுதி நீரோடு வெளியேறிவிடுகிறது. நாள்தோறும் வைட்டமின் சி மாத்திரை விழுங்குவதால் பொதுமக்களுக்குச் சளி பிடிப்பது குறைவதில்லை; பிடித்த சளி சற்று விரைவில் நீங்கலாம் என்பதே பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்களின் முடிவு. நான் இரண்டு ஆண்டுகள் விழுங்கிய மாத்திரைகளைக் கொய்யாவாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு தோப்பே வாங்கியிருக்கலாம் போலத் தோன்றியது.

ஒரு மூலையில் சால் இலைத் தொன்னைகளில் செந்நிறமாக ஏதோ நெளிந்தது. நம் ஊர் மாமரங்களில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பு அது! முட்டையோடு சேர்த்து விற்கிறார்கள். உப்பு, மிளகாய், இஞ்சி, பூண்டு சேர்த்து அம்மியில் அரைத்துத் துவையலாக உண்பார்கள். அண்டையிலுள்ள ஒடிசாவின் மயூர்பஞ்சு மாவட்டத்தில் இதே எறும்புத் துவையலுக்கு 2024ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சளிக்கு நல்லது என்றார் நண்பர். நான் சைவன்; அதனால் தப்பித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் முட்டை உண்ணும் சைவன் நான். எறும்பு முட்டையைப் பற்றி நம் சங்கத்தில் இன்னும் விதி செய்யப்படவில்லை.

வேலியோரத்தில் ஒரு மூலிகைக்காரர் அமர்ந்திருந்தார். மருதம்பட்டை, தண்ணீர்விட்டான் கிழங்கு, கடுக்காய், நிலவேம்பு. அவற்றின் நடுவே எங்கள் பழைய பகையான சீந்தில் தண்டு. நண்பர் மூலமாக, இதை நாள்தோறும் குடிக்கலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காய்ச்சல் வந்தால் மூன்று நாள். காய்ச்சல் போனால் இதுவும் போகவேண்டும். மருந்தை எவனாவது சோறுபோல் தின்பானா?" என்றார். இதைக் கேட்க நான் 65 கிலோமீட்டர் வந்திருக்க வேண்டியதில்லை. என் பாட்டியாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். கசப்பு மருந்து அவருடைய வீட்டில் நோய்க்கு உரியது. அடுப்படியில் நாள்தோறும் கொதித்தது வேறு.

இதுவரை எழுதியதைப் படிப்பவர்கள், இவ்வளவு நல்லுணவும் விளையும் நாட்டு மக்கள் எவ்வளவு வலிவோடு இருப்பார்கள் என்று எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணிக்கொண்டு நடந்தேன். அப்போது நண்பர் என்னைக் கையமர்த்தி நிறுத்தி, ஒரு கிழவியைக் காட்டினார்.

அவளிடம் நாட்டுக்கோழி முட்டை பதினான்கும், ஒரு கூடை கொய்யாவும், இரண்டு படி அளவு கொள்ளும் இருந்தன. அரை மணியில் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. முட்டைகளை வாங்கியவர் நகரத்துக்காரர். கொள்ளில் பாதியை வாங்கியவன் நான். அவள் எழுந்து பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு சென்றாள். சிறிது தூரம் அவள் பின்னே சென்றோம். கடுகெண்ணெய் கொஞ்சம், உருளைக்கிழங்கு, சவர்க்காரம் வாங்கினாள். கடைசியாக ஒரு பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கிய ஐந்து ரூபாய்ப் பொட்டலங்களில் நான்கைக் கிழித்துத் தரச் சொன்னாள். பாலில் கலந்து குடிக்கும் சர்க்கரை மாவு அது. நண்பர் அவளுடைய மொழியில் ஏதோ கேட்டார். வீட்டில் பேரன் மெலிந்திருக்கிறான். இது பலம் தரும் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள் என்று அவள் பதிலளித்தாள். பால் உண்டா என்று கேட்டதற்கு, வெந்நீரில் கரைத்துக் கொடுப்பதாகச் சொன்னாள்.

பதினான்கு முட்டையை விற்றுவிட்டு நான்கு பொட்டலத்தை வாங்கிப் போகிறாள்! அவளைக் குறைகூற எனக்கு வாய் எழவில்லை. அவள் வாங்கியது ஐந்து ரூபாய்ப் பொட்டலம், நான் வாங்கியது 680 ரூபாய் டப்பா, வேறுபாடு அவ்வளவே. மேலும் எண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பணம் வேண்டுமென்றால் அவளிடம் விற்பதற்கு வேறு என்ன இருக்கிறது? 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய வணிகர்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. இத்தகைய பானங்களை ஆரோக்கிய பானம் என்ற தலைப்பில் வைத்து விற்கலாகாது என்பது அதன் கருத்து. பெட்டிக்கடைச் சரத்துக்கு அந்த அறிவுரை எட்டவில்லை.

ஜார்க்கண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 39.6 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், நூற்றுக்கு 67.5 பேர் சோகை உள்ளவர்கள். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு இது. கீரையும் கொள்ளும் முட்டையும் விளைவது இங்கேதான். சந்தை வழியாக அவை வெளியேறுவதும் இங்கேதான்.

சந்தையிலிருந்து ஆட்டோவில் நண்பரின் ஊருக்குச் சென்றோம். ஊர் எல்லையில் தட்டையான பெரும் பாறைப் பலகைகள் கிடந்தன. அவை ஹோ மக்களின் முன்னோர் நினைவுக் கற்கள். அவற்றைச் சசன்திரி என்பர். வீட்டின் மண்சுவர் கோலமிட்டதுபோல் வழவழப்பாக மெழுகப்பட்டிருந்தது. நண்பரின் தாயார் இரு கைகூப்பி ஜோஹார் என்றார். நானும் ஜோஹார் சொன்னேன். இளவல் வெளியே வந்தார். படத்தில் பார்த்த எலும்புருவத்தை எதிர்பார்த்திருந்த எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. இப்போது 52 கிலோ இருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.

ஆறு மாதம் தவறாமல் மாத்திரை உண்டார்; அதுவே நோயைத் தீர்த்தது. இதை யாரும் மறக்கலாகாது. கீரை தின்றே காசநோய் தீர்ந்தது என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஆனால் மற்ற ஆறு பேரின் கதை வேறு. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் உடலுக்குள் காசக் கிருமி எப்போதோ புகுந்திருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் நோயாளியாவோர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தாம். மற்றவர்களிடத்தில் கிருமி சிறைப்பட்டே கிடக்கிறது. சிறைக்காவலர்கள் நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள். அந்த அணுக்களும் அவை செய்யும் எதிர்ப்பொருள்களும் புரதத்தால் ஆனவை. பட்டினி கிடக்கும் உடலில் காவலர் தொகை குறைகிறது, சிறைக்கதவு திறக்கிறது. இந்தியாவில் காசநோய் பெருகுவதற்கு ஊட்டக்குறைவே முதன்மையான காரணங்களில் ஒன்று.

இதற்குச் சான்று வேறெங்கும் தேடவேண்டியதில்லை. 2019 முதல் 2022 வரை இதே ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் ஒரு பெருஞ்சோதனை நடந்தது. 2800 காசநோயாளிகள், அவர்களுடைய வீட்டார் 10,345 பேர். எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொருள்கள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் வீட்டார்க்கும் தலைக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் நுண்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவில் வீட்டார்க்குக் கொடுக்கவில்லை. முடிவு 2023 ஆகஸ்டில் லான்செட் குழும இதழ்களில் வெளிவந்தது. அரிசியும் பருப்பும் பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. கிருமி உறுதிசெய்யப்பட்ட நோய் 48 பங்கு குறைந்தது. நோயாளிகளுள் முதல் இரண்டு மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு கூடியவர்களுக்கு இறப்பு 61 பங்கு குறைவாக இருந்தது. தங்கப் பஸ்பமன்று, வெளிநாட்டு மாத்திரையன்று. அரிசி, பருப்பு!

இதில் நமக்கு ஒரு தொடர்பும் உண்டு. இச்சோதனையில் பங்குகொண்ட நிறுவனங்களுள் ஒன்று சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம். 1956ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட அதே நிலையந்தான், மருந்தை ஒழுங்காக உண்டால் வீட்டிலிருந்தபடியே காசநோய் தீரும். ஆரோக்கிய நிலையத்தில் படுத்து உயர்ந்த உணவு உண்ணவேண்டிய கட்டாயமில்லை என்று 1959ஆம் ஆண்டில் உலகுக்கு மெய்ப்பித்தது. ஏழைகளுக்கு அது பெரும் வரம். மருத்துவமனைக் கதவு எட்டாத கோடிக்கணக்கானோர் அதனால் பிழைத்தனர். ஆனால் அந்த வெற்றியின் நிழலில் உணவைப் பற்றிய பேச்சு நெடுநாள் மங்கிப் போயிற்று. அறுபது ஆண்டுகளுக்குப்பின் அதே நிலையத்தார் துணைநிற்க, பேச்சு மீண்டும் பருப்புக்கு வந்திருக்கிறது. 2018 முதல் அரசு காசநோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாய் உணவுக்காகக் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து அது ஆயிரமாயிற்று.

நண்பரின் வீட்டில் சோதனையாளர் எவரும் வரவில்லை. தாயார்தாம் சோதனை நடத்தினார். இளவலுக்கு நோய் கண்ட மாதமே, இனி வீட்டு முட்டை சந்தைக்குப் போகாது என்று அவர் சொல்லிவிட்டாராம். கொள்ளும் போகவில்லை. அதனால் நின்றுபோன வருவாயை நண்பர் தம் சம்பளத்திலிருந்து ஈடு செய்தார். சம்பளக்காரர் ஒருவர் இருந்ததால் அது முடிந்தது. நாங்கள் சந்தையில் கண்ட கிழவிக்கு அப்படி ஒருவர் இல்லை போலும். வீட்டில் மற்ற ஆறு பேரில் எவருக்கும் நோய் வரவில்லை. தடுப்பு மாத்திரையும் கொடுக்கப்பட்டது; ஆதலால் எது எவ்வளவு காத்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

பிற்பகல் உணவு: கேழ்வரகு ரொட்டி, கொள்ளுப் பருப்பு, முருங்கைக் கீரை, ஆளுக்கொரு முட்டை. எறும்புத் துவையல் தனியாக ஓர் இலையில் இருந்தது. தாயார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்நுனியில் தொட்டு வைத்தேன். எலுமிச்சைப் புளிப்பு, பிறகு மிளகாய்க் காரம். இரண்டாம் முறை தொட்டதற்கு எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

விடைபெறும்போது அவர் ஒரு மூட்டையில் முட்டைகளை வைக்கோல் பொதிந்து கொடுத்தார். பணம் கொடுக்க முயன்றேன். வாங்கவில்லை. 2022இல் பருப்பு வாங்கிக் கொடுத்தவன் நீதானே என்று மகன் மூலம் கேட்டார். டப்பாவின் கதையையும் அவர் அறிந்திருந்தார் என்பது அவர் சிரித்ததிலிருந்து தெரிந்தது.

வீட்டுக்கு வந்து என் துணைவியாரிடம் எல்லாம் சொன்னேன். அவர் அலமாரியைத் திறந்து, எஞ்சியிருந்த டப்பாக்களின் காலாவதித் தேதியைப் படிக்கத் தொடங்கினார். மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். இரத்தப் பரிசோதனையில் குறைவென்று கண்டபின் கொடுத்தது அது. மற்றவற்றின் பணம் இப்போது பாலுக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் போகிறது. அதில் மாதம் மீந்த ஐந்நூறு ரூபாய் சாய்பாசாவுக்கும் போகிறது. அந்தக் கிழவியை நண்பர் பிறகு கண்டுபிடித்தார். அவளுடைய கொள்ளை நாங்களும் பக்கத்துக் குடும்பங்கள் இரண்டும் வாங்கிக்கொள்கிறோம். முட்டையை மட்டும் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டோம். அவள் அதைப் பேரனுக்குக் கொடுக்கிறாளா, வேறொருவருக்கு விற்கிறாளா என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

சந்தைக்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் காலை வண்டியையே பிடிப்பது நலம். பத்து மணிக்குமேல் வல்லாரை கிடைப்பதில்லை. துணிப்பையும், பத்து ரூபாய்ச் சில்லறையும் நிறையக் கொண்டுசெல்லுங்கள். கூறு பத்து ரூபாய் என்றால் பேரம் பேச வேண்டாம்.